மேல் வீட்டுக்குச் சாம்பல், கீழ் வீட்டுக்கு மஞ்சள்

"இதுவே உங்கட குருவி?"

சிவகௌரி டீச்சர் கேட்ட முதல் கேள்வி அதுதான். மழை நிற்பதா வேண்டாமா என்று யோசித்துத் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் என் அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. டீச்சர் ஒரு காலை மட்டும் தரையில் வைத்து, மற்றக் காலை ஆட்டோவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேட்டுக்கு மேல் தொங்கிய புதுப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பலகையில் ஒரு பறவை. தலையிலிருந்து வால் வரை மஞ்சள். கிறிஸ்மஸ் கேக்குக்கு மிஞ்சிய ஐசிங்கை யாரோ பறவை வடிவத்தில் பூசியது போலிருந்தது. கீழே 'மஞ்சள் வாலாட்டி இல்லம்' என்று எழுத்து.

"ஆமாங்க டீச்சர், அதே குருவிதான்!" என்றார் என் அத்தான் சவரிமுத்து. பெண் பார்க்க வந்தவர்களிடம் தகப்பன் பேசும் குரல்.

டீச்சர் தரையில் வைத்த காலைத் திரும்ப ஆட்டோவுக்குள் எடுத்துக்கொண்டார்.

குடை பிடித்து நின்ற அக்காவின் முகம் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் அந்த நேரத்தில், இப்படியான எல்லா நேரங்களிலும் செய்வதையே செய்தேன். ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்த பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். அதுவும் டீச்சருடைய பெட்டி அல்ல, ஆட்டோக்காரருடைய சாமான் பெட்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு அம்மா ஆட்டோவுக்குள் காலை எடுத்ததில் என்ன வந்துவிட்டது என்று கேட்பீர்கள். அந்தக் காலில் அக்காவின் இரண்டு அறைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

லூர்து என்ற அபாயம்

அக்கா ஜெசிந்தாவின் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டுக்குப் போனபின் வீட்டின் கீழ்த்தட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. அவற்றை ஹோம்ஸ்டே ஆக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. கட்டில் விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் அவளே தைத்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்தத் தையல் மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதன் மேலும் அத்தான் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பார்.

அத்தானுக்கு வேறு யோசனை. அவருடைய தம்பி லூர்து கல்யாணம் செய்யாதவன், என் வயதுக்காரன். சொந்தக்காரர் வீடுகளில் முறை வைத்துத் தங்குவது அவன் வாழ்க்கை. போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வது அவன் தொழில். அவனிடம் ஒரு அக்கார்டியன் இருக்கிறது. அதை அவன் வாசிப்பதில்லை, சுவாசிக்க வைப்பான். மூச்சுத்திணறல் உள்ள ஒரு யானை பக்கத்து அறையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லூர்துவை நிரந்தரமாகக் கீழே குடியமர்த்த வேண்டும் என்பது அத்தானின் பாசம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நடந்து வரும்போது அக்காவும் அத்தானும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நான் சாட்சி. வருகிற முதல் ஆள், தங்குவதாகச் சொன்ன நாள் வரைக்கும் தங்கிவிட்டுப் போனால் அறைகள் அக்காவுக்கு. பாதியில் கிளம்பினால் லூர்துவுக்கு.

"ஒரே ஒரு ஆளு," என்றாள் அக்கா. "நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, சொன்ன நாளைக்குப் போகட்டும். அப்புறம் பாருங்க."

"பாக்கத்தானே போறோம்," என்றார் அத்தான். அவர் கெட்டவர் இல்லை. தோற்கத் தெரியாதவர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொந்தரவைத்தான் தரும்.

முதல் ஆள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவகௌரி டீச்சர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் அக்கா, "பின்னால தண்ணி கொட்டுற பீலி ஒண்ணு இருக்கு டீச்சர், அதுல ஒரு வாலாட்டி தெனமும் வரும்," என்று சொன்னதுமே ஒரு வாரத்துக்கு அறை கேட்டுவிட்டார். நிறத்தை அவரும் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நிறம் சொல்வது அத்தானின் இலாகா.

தாமதமே ஆகாத ரயில்

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கம்பளைக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர். அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அங்கே போயிருந்தேன். மேடையில் மஞ்சள் பூசிய நிலக்கரித் தொட்டி, ஈரச் சாக்கு வாசம், கறிவேப்பிலைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள். எல்லோரும் வெகுநேரமாகக் காத்திருந்தார்கள். ஒருவர் பொறுமை இழந்து வந்து, "மாஸ்டர், வண்டி எங்க?" என்றார்.

"வண்டி அதோட நேரத்துக்குத்தான் வருது," என்றார் அத்தான், தலையைத் தூக்காமல். "நீங்கதான் முன்னுக்கே வந்துட்டீங்க."

அவர் முழுச் சேவைக் காலத்திலும் ஒரு ரயிலும் தாமதமாக வரவில்லை. பயணிகள்தான் முந்தி வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மனிதர் ஓய்வு பெற்றுப் பறவை பார்க்கத் தொடங்கினால் பறவைகளின் கதி என்ன ஆகும்?

கண்டியில் ஓய்வு பெற்ற ஆண்கள் இரண்டு சாதி. ஒரு சாதி வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் குளத்தைச் சுற்றும். மற்றது பைனாகுலர் வாங்கி மரத்தை முறைக்கும். முதல் சாதி குறைந்தபட்சம் வீட்டைவிட்டு வெளியே போகும். மனைவிமாருக்கு அதனால் கொஞ்சம் நிம்மதி. இரண்டாவது சாதி கதிரையைத் தோட்டத்தில் போட்டு உட்கார்ந்து, "சத்தம் போடாத, பறந்துரும்," என்று அம்மியில் அரைக்கிறவளை அதட்டும்.

அத்தானுக்கு அந்தப் பைனாகுலரை விற்ற பாவி நான்தான். எனக்கு டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் நான் என்று பெருமையடிப்பேன். அந்தப் பைனாகுலரைக் காட்டிக் கொடுத்த அன்று, "அத்தான், பாருங்க, எவ்வளவு தூரமா தெரியுது!" என்று சொன்னேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பறவை விஷயத்தில் நான் வாய் திறந்தால், "மாப்புள, கண்ணு வேற, கண்ணாடி வேற," என்பார்.

மதிலுக்கு மேலும் கீழும்

அம்பிட்டியவில் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அக்கா வீட்டின் தலையில் உட்கார்ந்திருப்பது நவ்பர் ஹாஜியாரின் வீடு. டவுனில் துணிக்கடை வைத்திருந்து, இப்போது கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து கீழ் வீட்டை மேற்பார்வை செய்கிறவர்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மண் சரியாமல் கட்டிய உயர்ந்த கருங்கல் மதில். மதிலின் விளிம்பை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடி, அக்கா வீட்டுப் பக்கம் பீலியாக விழும். அந்த விளிம்பில்தான் பறவை நிற்கும். ஐப்பசி மழையோடு வரும், சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுடுவதற்கு முன் போய்விடும்.

இப்போது வில்லங்கத்தைப் பாருங்கள். கீழே கதிரையில் இருக்கும் அத்தானுக்குத் தெரிவது பறவையின் வயிறு. மஞ்சள். மேலே பால்கனியில் இருக்கும் ஹாஜியாருக்குத் தெரிவது முதுகு. சாம்பல். இருவருக்கும் நல்ல பார்வை. இருவரும் பொய் சொல்வதில்லை. இருவரும் மற்றவர் வீட்டுப் படியை மிதிப்பதுமில்லை.

"மாஸ்டர், நான் செல்றதக் கேளுங்க! அது சாம்பல் வாலாட்டி!" என்று மேலிருந்து குரல் விழும்.

"ஹாஜியார், துணிக்குத்தான் சாயம் தெரியும் உங்களுக்கு! குருவிக்குத் தெரியாது! மஞ்சள்!" என்று கீழிருந்து குரல் ஏறும்.

இது பருவம் பருவமாக நடந்தது. ஒரு வாலாட்டி இமயமலைக்கு அப்பாலிருந்து கடல் தாண்டி வருவது, இரண்டு கிழவர்கள் கத்துவதைக் கேட்கத்தானா என்று எனக்கு அதன் மேல் பரிதாபமாக இருக்கும்.

பெண்கள் இந்தக் கூத்தில் சேரவில்லை. பெருநாளைக்கு ஹாஜியாரின் மனைவி பரீதா கருப்பட்டி போட்ட வட்டலப்பம் அனுப்புவார். அந்தத் தட்டை அக்கா வெறுமையாகத் திருப்ப மாட்டாள், கேக் வைத்து அனுப்புவாள். அந்தத் தட்டும் மேலிருந்து வெறுமையாக வராது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மேல் வீட்டுக்கு ஏறும் ஒரு ஒற்றையடிப் படி உண்டு. அந்தப் படி இருப்பது ஆண்கள் இருவருக்கும் தெரியும் என்று எனக்கு நிச்சயமில்லை.

நானா? கீழே பால் இல்லாத பிளேன்ரீ குடிக்கும்போது மஞ்சள் என்பேன். மேலே வட்டலப்பம் கிடைத்தால் சாம்பல் என்பேன். வயிற்றின் பக்கம் நிற்பதுதான் என் கொள்கை.

பெயர் வைத்தவர்கள் எந்த வீட்டுக்காரர்?

அப்படியிருந்தும் ஒரு நாள் எனக்கே ரோஷம் வந்து, கடையில் ஆள் வராத ஒரு மழைப் பகலில் இரண்டு பறவைகளையும் பற்றி வாசித்தேன்.

சாம்பல் வாலாட்டிக்கு அடிப்பக்கம் மஞ்சள். வாலுக்குக் கீழே, பார்க்கவே கண் கூசும் மஞ்சள். மஞ்சள் வாலாட்டிக்கும் அடிப்பக்கம் மஞ்சள். ஆக, மஞ்சளாக இருக்கும் இரண்டு பறவைகளில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் என்று பெயர் வைத்து, மற்றதற்குச் சாம்பல் என்று வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்த மேதை ஹாஜியார் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். வாத்தியார்களும் புத்தகக்காரர்களும் அதை மறுபேச்சில்லாமல் ஒப்பித்திருக்கிறார்கள். ஒருவராவது குனிந்து அதன் வயிற்றைப் பார்க்கக் கூடாதா?

வித்தியாசம் இல்லாமல் இல்லை. மஞ்சளின் முதுகு பச்சை கலந்த பழுப்பு, நனைந்த வைக்கோல் போல. சாம்பலின் முதுகு மழைக்கு முந்திய மேகம். மஞ்சளுக்கு வால் அளவானது. சாம்பலுக்கு வால் அதன் தகுதிக்கு மீறியது. கடன் வாங்கிக் கல்யாணத்துக்குத் தைத்த சேலை போல இழுபடும். மஞ்சளுக்குக் கறுப்புக் கால், சாம்பலுக்கு வெளிறிய ரோஜா நிறக் கால்.

குணத்திலும் வித்தியாசம். மஞ்சள் வெட்டவெளிப் பறவை. வயலில், மாட்டின் குளம்புக்குப் பின்னால், கூட்டம் கூட்டமாக நடக்கும். மாடு நகர்ந்தால் கிளம்பும் பூச்சிக்காக அந்த விசுவாசம். மந்திரிமாருக்குப் பின்னால் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே நடைதான். சாம்பல் தனியாள். மலையில் ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. பிடித்த ஓடை தகப்பன் எழுதிக் கொடுத்த சொத்து என்று நினைத்துக்கொள்ளும், இன்னொரு வாலாட்டி வந்தால் விரட்டும். அத்தானின் கார்க் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தோடேயே ஒரு வாரம் சண்டை போட்டது. கண்ணாடி முழுக்க எச்சம். அத்தான் அதைத் துடைத்துக்கொண்டு, "என்னா முட்டாள் குருவிடா இது, தன்னையே தெரியல," என்றார். நான் மற்றக் கண்ணாடியைத் துடைத்தேன்.

இரண்டும் வாலை மேலும் கீழும் ஆட்டும். ஏன் ஆட்டுகிறது என்பதற்கு விளக்கங்கள் பல வாசித்தேன். எல்லா விளக்கமும் கடைசியில் 'இருக்கலாம்' என்று முடிந்தது. எனக்குத் தெரிந்த ஆசாமிகள் பலர் வாலே இல்லாமல் ஆட்டுகிறார்கள், அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இவ்வளவும் வாசித்தபின் ஒன்று மட்டும் நிச்சயமானது. அம்பிட்டியவில், பீலியில், தன்னந்தனியாக நிற்கும் நீள வால் பறவை சாம்பல்தான். அதை அத்தானிடம் சொல்லப் போனேன். "கண்ணு வேற," என்று அவர் ஆரம்பித்தார். திரும்பி வந்துவிட்டேன்.

கால் கீழே இறங்கியது

ஆட்டோவுக்குத் திரும்புவோம். டீச்சர் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறார்.

"மஞ்சள் வாலாட்டி பாக்கவே நான் இவ்வளவு தூரம் ரயிலில முதுகு நோக வந்தனான்?" என்றார் டீச்சர். "எங்கட வயலில மாட்டுக்குப் பின்னால நூறாத் திரியும் ஐயா. காலுக்கை இடறும். மலையில பீலியடி எண்டு தங்கச்சி சொன்னவுடன, சாம்பலாத்தான் இருக்கும் எண்டு நம்பி வந்தனான். இவ்வளவு காலத்தில நான் காணாத வாலாட்டி அது ஒண்டுதான்."

ஒரே ஒரு சொல். அத்தான் 'சாம்பல்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். டீச்சர் தங்குவார், அக்காவுக்கு அறை கிடைக்கும். அத்தான் மேல் வீட்டுப் பால்கனியைப் பார்த்தார். அங்கே ஹாஜியார் காது கொடுத்து நின்றார்.

"இது மஞ்சள்தாங்க," என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்தி. "மலைநாட்டுல மஞ்சள் வாலாட்டி வர்ற ஒரே வீடு இதுதான்!"

நல்லவேளையாக மழை வலுத்தது. "இண்டைக்கு இருட்டிப்போச்சு," என்றார் டீச்சர். "ஒரு இரவு படுக்கிறன். விடிய நுவரெலியாவுக்கு வெளிக்கிடுறன்."

கால் இறங்கியது. ஆனால் வாடகைக்கு இறங்கிய கால் அல்ல, மழைக்கு ஒதுங்கிய கால்.

அன்று மாலை அத்தான் டீச்சருக்குத் தன் போனில் படங்கள் காட்டினார். மாம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஓடிக்கொண்டே எடுத்த படங்கள் போலிருந்தன. "இது இடது பக்கம். இது வலது பக்கம்." டீச்சர் மரியாதைக்குத் தலையாட்டினார். நான் சாப்பாட்டு மேசையில் தைரியத்தை வரவழைத்து, அவர் காதில், "டீச்சர், மேல் வீட்டுக்காரர் சாம்பல்னு சொல்றார்," என்றேன்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான்... ரெண்டும்னு..."

"ரெண்டும் எண்டு சொல்லுறவர் ஒண்டையும் வடிவாப் பாக்கயில்லை," என்றார் டீச்சர். பிறகு இன்னொரு கரண்டி பருப்பு போட்டுக்கொண்டார்.

சமையலறையில் அக்கா பாத்திரத்தை விளக்கு விளக்கென்று விளக்கினாள். "தம்பி, அந்தக் குருவி பச்சைக் கலர்ல கோடு போட்டு வந்தாக்கூட எனக்குக் கவலை இல்ல," என்றாள். "லூர்து வந்தா நான் சாகுற வரைக்கும் ரெண்டு ஆம்பளைக்கு சமைக்கணும். இவரு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிருமா?"

"அத்தான்கிட்ட நான் பேசவா அக்கா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ போய் படு," என்றாள்.

இடியப்பம் யார் பிழிந்தது?

விடிந்தபோது மழை இல்லை. மதிலில் பாசி ஈரமாக மின்னியது. டீச்சரின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அக்கா கொண்டுவந்து வைத்த பிளேன்ரீயை அவர் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்.

"சிட்-சிட்" என்று கம்பி அறுந்தாற்போல் ஒரு சத்தம். அலை அலையாகப் பறந்து வந்து, மதில் விளிம்பில் உட்கார்ந்து, உடனே ஆட்டத் தொடங்கியது.

டீச்சர் கோப்பையை என் கையில் திணித்துவிட்டுத் தன் பைனாகுலரை எடுத்தார். "வால் நீளமாத்தான் கிடக்கு," என்று முணுமுணுத்தார். "ஆனால் பின்னால வெளிச்சம். முதுகைப் பாக்காமல் நான் சொல்லமாட்டன்."

மேலே பால்கனியில் ஹாஜியார், பனியனோடு. "டீச்சர்! மேல வாங்க! முதுகு இங்க ஈந்து நல்லாத் தெரியுது! சாம்பல்!"

"மஞ்சள்!" என்றார் அத்தான்.

அக்கா கையைத் துடைத்தாள். அடுப்படி ஓரத்தில் பரீதாவின் தட்டு ஒன்று திரும்பிப் போகக் காத்திருந்தது. அதில் நாலு இடியப்பமும் சம்பலும் வைத்தாள். அந்தத் தட்டு கையில் இருந்தால் மேல் வீட்டுக்குப் போக வேறு காரணம் வேண்டியதில்லை. மறு கையால் டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"நான் டீச்சரைக் கூட்டிக்கிட்டு மேல போறேன்."

"என்னோட விருந்தாளி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது!" என்றார் அத்தான்.

"யாரு உங்க விருந்தாளி?" என்றாள் அக்கா. "இடியப்பம் நீங்களா புழிஞ்சீங்க?"

பெண்கள் இருவரும் சமையலறைப் பின்படியில் ஏறிப் போனார்கள். தான் இல்லாமல் ஒரு விவாதம் நடக்கப் போகிறது என்ற நினைப்பு அத்தானைக் கொன்றிருக்க வேண்டும். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். கோப்பையோடு நானும்.

முதுகு

பால்கனிக் கம்பியில் டீச்சர் சாய்ந்து நின்றார். கீழே, கைக்கு எட்டுகிற தூரம் போல, பறவை. தலையிலிருந்து முதுகு வரை நீலம் கலந்த சாம்பல். அது ஒரு பூச்சிக்காகத் தாவியபோது இடுப்பில் ஒரு மஞ்சள் பளிச்சிட்டு மறைந்தது.

டீச்சர் பைனாகுலரை இறக்கியபோது அவர் குரல் நேற்றைய குரலாக இல்லை.

"ஓம்," என்றார். "சாம்பல். எத்தினை பிள்ளையளுக்குப் படத்தில காட்டிப் படிப்பிச்சனான். நேர காண இப்பதான் கிடைச்சுது."

நாங்கள் எல்லோரும் அத்தானைப் பார்த்தோம்.

"நான் சொன்னது முந்தி வந்தது," என்றார் அத்தான். "அது போயிருச்சு. இது அடுத்தது."

ஹாஜியாருக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. வெற்றி வந்தால் மனிதனுக்கு அடக்கம் வர வேண்டும் என்பார்கள். அவருக்குத் தாராள மனசு வந்தது. "டீச்சர், பெட்டியக் கட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு என்னத்துக்கு? எங்கட மேல் ரூம் சும்மா ஈக்கிது. இங்கயே தங்குங்க. ஒவ்வொரு நாளும் காலையில முதுகு பாக்கலாம். பரீதா, டீச்சருக்குக் கதிரை கொண்டு வாங்க!"

கதிரை வந்தது. மெத்தை போட்ட கதிரை. டீச்சர் அதைப் பார்த்தார். பீலியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவர் பாதி உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. அக்காவின் கையில் தட்டு லேசாகச் சாய்ந்து, ஒரு இடியப்பம் விளிம்புக்கு நகர்ந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

பாதியில் கிளம்பினால் லூர்து. நுவரெலியாவுக்குக் கிளம்பினாலும் சரி, பத்துப் படி மேலே கிளம்பினாலும் சரி.

"டீச்சர்!" என்றது ஒரு குரல். ஸ்டேஷன் மேடையில் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்ட அதே குரல். "உக்காராதீங்க!"

டீச்சர் திடுக்கிட்டு நின்றார்.

"கீழ இருந்து பாத்தாலும் சாம்பல்தான்," என்றார் அத்தான். "வயித்துல மஞ்சள் தெரியும், அதப் பாத்து ஏமாறக் கூடாது. வாலோட நீளத்தப் பாக்கணும். காலப் பாக்கணும். ரோஸ் கலர். மஞ்சள் வாலாட்டிக்கு கருப்புக் கால். இந்தக் கால் எல்லாம் கீழ இருந்துதான் தெரியும். இங்க இருந்து என்னா தெரியும்? வெறும் முதுகு! முதுக யாரு வேணும்னாலும் பாக்கலாம். கால் பாக்கணும்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும்!"

பீலி மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப உங்களுக்கு இது முழுக்க முந்தியே தெரியும்?" என்றார் டீச்சர்.

"தெரியாம? நான் ஸ்டேசன் மாஸ்டர்ங்க," என்றார் அத்தான். அதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை.

நான் கடையில் ஒரு மழைப் பகலைச் செலவழித்துத் தெரிந்துகொண்டது அவ்வளவும் இந்த மனிதருக்கு எப்போதோ தெரியும். எத்தனை பருவங்களாக, முழுதாகத் தெரிந்துகொண்டு, கதிரையில் உட்கார்ந்து மஞ்சள் என்று கத்தியிருக்கிறார்! ஹாஜியார் சாம்பல் என்று சொல்லிவிட்டார், அது ஒன்றுதான் காரணம். இப்போது சாம்பல் என்பதற்கும் அவர்தான் காரணம்: தம்பிக்கு அறை போனாலும் போகட்டும், விருந்தாளி மேல் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஹாஜியாருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவருடைய சாம்பலை அத்தான் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போகிறார். "அது எப்பிடி?" என்று முன்னால் வந்தார். "கீழ ஈந்து பாத்தா மஞ்சள்தானே! நீங்கதானே செல்லிக்கொண்டு ஈந்தீங்க!"

"நான் எங்க சொன்னேன்? சாம்பல்!"

"மஞ்சள்! போர்டுலயே போட்டிக்கிறீங்க!"

"சாம்பல்!"

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பை அடக்கியவர், இவர்களை அடக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நடவுங்கோ தங்கச்சி," என்றார். "கால் கீழதான் தெரியுமாம். சொன்ன கிழமை ஏழு நாளும் இருந்தே பாக்கிறன்."

அக்கா தட்டைப் பரீதாவிடம் கொடுத்தாள். பரீதா அதை வாங்கிக்கொண்டு, ஆண்கள் பக்கம் ஒருமுறை பார்த்து, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

நான் பெண்களோடு இறங்கிவிட்டேன். மேலே இருந்தால் யாராவது என் அபிப்பிராயத்தைக் கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

சமையலறையில் இடியப்பத்தின் மேல் மூடியிருந்த தட்டை எடுத்ததும் ஆவி கிளம்பியது. டீச்சர் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். மேலே மஞ்சள், சாம்பல், மஞ்சள் என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் குரல் எந்த நிறம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு போனை எடுத்தாள்.

"லூர்து தம்பியா? ஆமா, அண்ணிதான் பேசுறேன். நல்லாத்தான் இருக்கோம். பெட்டியக் கட்டியாச்சா தம்பி?"

கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. அவுத்துருங்க."